ஆறு டார்கெட்டும் காலியாகும்வரை

பிப்ரவரி 10, திங்கள்

மளிகைக்கடையில் கொடுத்த டயரி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் பெருங்காய விளம்பரம். ஒன்றரை மாதமாக மிக்சிக்குக் கீழே முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். இன்று எடுத்துத் துடைத்தேன்.

காரணம் கிருபாகரன் சார். "பவுலின், போறதுக்கு முன்னால என்னென்ன செய்றீங்களோ எல்லாத்தையும் எழுதி வச்சிருங்க" என்றார். ஆபீசுக்கு எழுத வேண்டியதைக் கணினியில் எழுதுகிறேன். அதில் எழுத முடியாத எரிச்சல் எல்லாம் இங்கே.

நிலைமை இதுதான். ராஜினாமா கொடுத்தாயிற்று. மார்ச் 28, திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட். எனக்கும் மகள் ஜோவிட்டாவுக்கும் ரெண்டு டிக்கெட், ஒருவழி. ஒன்பது வருஷமாக அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் கணவர் ரீகன், குடும்பத்தோடு இருக்க வீடு எடுத்துவிட்டார். ஏப்ரலில் பிள்ளைக்கு அங்கே நாலாம் வகுப்பு. எல்லாம் தயார்.

ஆனால் சார் விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போட மாட்டாராம். "பழைய அலமாரியக் காலி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க. உங்களத் தவிர யாருக்கும்மா அது தெரியும்?" இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, விலங்கு என்று எடுத்துக்கொள்வதா? பதினோரு வருஷம் உழைத்ததற்கு வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 12, புதன்

வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் மையம் கடல் எந்த நாளில் எவ்வளவு உயரம் எழும்பும் என்று கணக்குப் போடுகிற இடம். தூத்துக்குடியில் இருந்துகொண்டு கடலை நேரில் பார்க்காமல் குளிர் அறையில் உட்கார்ந்து எண்ணாகப் பார்க்கிற ஆட்கள் நாங்கள்தான். அந்த எண்களெல்லாம் ஒரே பெரிய சேமிப்புக் கிடங்கில் இருக்கின்றன. பயன்படுத்துகிறவர்களுக்கு அது ஒன்று. உள்ளே முப்பது வட்டுத் தொகுதிகள். ஒவ்வொன்றையும் டார்கெட் என்போம். ஒரு கோப்பைத் துண்டாக்கி நாலைந்து டார்கெட்டில் போட்டு வைக்கும். எந்தத் துண்டு எங்கே என்று நினைவு வைத்துக்கொள்ள தனியாக ஒரு கணினி. அதை நாங்கள் கணக்குப்பிள்ளை என்போம்.

முப்பதில், சார் சொன்ன அந்தப் பழைய அலமாரியில் இருக்கும் ஆறு டார்கெட்டுகள் பழசு. பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. அவற்றைக் கழற்ற வேண்டும். சட்டென்று பிடுங்கினால் அதில் துண்டு வைத்திருக்கும் ஒவ்வொரு கோப்பும் ஓட்டையாகிவிடும். அதனால் முதலில் புதுசு எதுவும் உள்ளே போகாமல் தடுக்க வேண்டும், அடுத்து இருப்பதை மற்ற டார்கெட்டுகளுக்கு மாற்ற வேண்டும், காலியானதும் நிரந்தரமாக நீக்க வேண்டும்.

இன்று முதல் வேலை. ஆறையும் கணக்குப்பிள்ளையிடமிருந்து துண்டித்தேன். கை தானாகப் போய் அந்தக் கட்டளையை அடித்தது, எத்தனையோ தடவை செய்ததுதான். என்னோடு வேலை பார்க்கும் சுடலைமணி என் திரையை எட்டிப் பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன் மாதிரி நின்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

இட்லி மாவு புளித்துவிட்டது. நாளைக்கு ஊத்தப்பம்.

பிப்ரவரி 17, திங்கள்

கோப்புகள் நகர்கின்றன. பின்னணியில் ஓட விட்டுவிட்டேன்.

மத்தியானம் ரீகன் கூப்பிட்டார். "பவுலி, இங்க வந்துட்டா ஒனக்கு எந்தக் கஷ்டமும் இல்ல. காலைல எந்திரிச்சு பஸ்ஸுக்கு ஓட வேண்டாம், எவன்ட்டயும் பேச்சு வாங்க வேண்டாம். ராணி மாரி வீட்டுல இருக்கலாம்." எனக்குக் குடும்ப விசாதான், வேலை பார்க்க அனுமதி கிடையாது. அதைத்தான் இத்தனை ஆசையாகச் சொல்கிறார். "சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

இந்தக் குளிர்சாதனக் காற்று நேராகக் கண்ணில் அடிக்கிறது, நீர் வடிந்துகொண்டே இருந்தது. போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். மேசையில் டீ இருந்தது. சுடலைமணி வைத்திருக்கிறான், நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

தம்பி வியானி வந்து ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போனான். "எப்படியும் நீ போறல்லா, எதுக்குக் கடைசி நிமிஷம் வரைக்கும்?" என்றான். அது நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. ஜோவி அதற்குள் உட்கார்ந்துகொண்டு, "ம்மா, இதான் என் ரூம்" என்று விளையாடினாள்.

சாயங்காலம் ரீகன் வீடியோவில் வீட்டைக் காட்டினார். சமையலறை, பால்கனி, எதிரே இன்னொரு கட்டடத்தின் பால்கனி. இந்த ஒன்பது வருஷமும் நாலு பேரோடு ஒரே அறையில், அடுக்குக் கட்டிலில் கிடந்தவர். ஒவ்வொரு குழாயாகத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டினார். ஜோவி "அப்பா, என் ஸ்கூல காட்டுங்க, ஸ்கூல காட்டுங்க" என்று ஃபோனைப் பிடுங்கினாள்.

வருஷத்துக்கு ஒரு மாதம் வருகிறவர். வந்தால் முதல் வாரம் நான் சேலையை மாற்றிக்கொள்ளக் கதவைச் சாத்துவேன். கடைசி வாரத்தில் பழகும், உடனே கிளம்பிவிடுவார். நல்ல மனுஷர். ஒருநாள்கூட என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. பேசுவதற்கு நேரமும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

"வேல முடிஞ்சிருமா?" என்றார். "டார்கெட் காலியாகணும்" என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஆறும் தொண்ணூற்று நாலு சதவீதம் நிரம்பியிருக்கின்றன. போன வாரமும் தொண்ணூற்று நாலு. இத்தனை கோப்புகள் வெளியேறியபிறகும் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

பிப்ரவரி 26, புதன்

அசையவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

வேடிக்கையைக் கேளுங்கள். (யாரிடம் சொல்கிறேன்? பெருங்காய டப்பாவிடம்.) அந்த ஆறு டார்கெட்டுகளில் துண்டு வைத்திருக்கும் கோப்பு எதுவென்று தேடினால், ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன, திறந்து பார்த்தேன், நன்றாக இருக்கின்றன. ஆனால் பழைய இடமும் நிறைந்தே இருக்கிறது. குடி போன பிறகும் வீட்டுக்குள் சாமான் கிடப்பது மாதிரி.

சார் பதறுகிறார். வட்டு விற்றவர்களைக் கூப்பிடலாமா என்கிறார். நான் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன் என்றேன். எனக்குப் பதற்றம் இல்லை. இத்தனை வருஷ அனுபவத்தில் ஒரு நிதானம் வந்துவிடும்.

நாளை சனிக்கிழமை, விடுமுறை. ஆனாலும் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்தே மடிக்கணினியில் பார்க்கலாம்தான், ஆனால் இங்கே இணையம் சரியில்லை. ஜோவி கார்ட்டூன் பார்க்க மட்டும் சரியாக வரும்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு பள்ளிக்குப் போனேன். ஜோவிக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு மாதமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. தலைமையாசிரியை, "இப்பவே எழுதிக் குடுத்துறட்டுமா? ஒரு கையெழுத்துதான்" என்றார். "இருக்கட்டும் சிஸ்டர், ஆபீஸ்ல எனக்கு இன்னும் ரிலீவிங்கே வரல" என்றேன்.

வெளியே வந்ததும் ஜோவி கையை உதறினாள். "அப்பாட்ட எப்பப் பாத்தாலும் வேல முடியலன்னுதான் சொல்ற. அந்த டிஸ்க்க தூக்கிக் குப்பையில போட்டா என்ன?"

எட்டு வயசு. எடுத்தெறிந்து பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஒரு அதட்டல் போட்டேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். முறுக்கு வாங்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், மறுபடி முன்னால் நடந்தாள்.

மார்ச் 10, திங்கள்

சார் இன்று பொறுமையிழந்தார். "கோப்பெல்லாம்தான் போயிருச்சுங்கிறீங்களே, அப்படியே அலமாரிய அணைச்சிருவோமா?" நான் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அணைக்க முடியாது. புயல் வருஷங்களின் அலைக் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. ஒரு துண்டு விட்டுப்போயிருந்தாலும் திரும்பக் கிடைக்காது. சொல்லும்போது என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சார் அடங்கிவிட்டார். சுடலைமணி கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தான்.

ரீகனிடம் சொன்னேன். "அப்போ டிக்கெட்டத் தள்ளிப் போடவா? பிள்ளைக்கு ஸ்கூல் தொறந்துருமே" என்றார். குரல் மங்கிவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஃபோனை வைத்ததும் நெஞ்சு லேசானது. சாயங்காலக் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டது, அதனாலும் இருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

எழுத்துக் கோணலாக வந்தால் வரட்டும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் துறைமுகச் சாலை டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம், நானும் சுடலைமணியும். லாரிகள் போகிற புழுதியில் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு அவன் ஆரம்பித்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன். கோவப்படக் கூடாது."

"கேளு."

"இன்னும் எத்தன நாளைக்கு இப்படியே வச்சிருக்கப் போறீங்க?"

"எத?"

"அந்த ஆறு டார்கெட்டத்தான். கணக்குப்பிள்ளகிட்ட இருந்து மொத்தமா அறுத்துல்லா வச்சிருக்கீங்க. புதுசு வராதன்னு மட்டும் சொல்லியிருந்தா போதும்லா? கோப்பு எடம் மாறினா பழைய துண்ட அழின்னு உத்தரவு போகணும். தொடர்பே இல்லன்னா உத்தரவு எப்படிப் போய்ச் சேரும்? எல்லாம் வாசல்ல வரிசையில நிக்குது."

அவன் சொல்வது சரி. முழுக்க முழுக்கச் சரி.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"நீங்க கட்டளை அடிச்ச அன்னைக்கே பாத்துட்டேன்."

"பின்ன ஏம்ல சொல்லல? ஒரு மாசமா நான் பைத்தியக்காரி மாரி..."

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க வேணும்னுதான் செய்றீங்கன்னு நெனச்சேங்க்கா. ஒங்களுக்குப் போக மனசில்லைன்னு எனக்குத் தெரியும். ஏதோ நாளக் கடத்துறீங்க, நாம ஏன் காட்டிக் குடுக்கணும்னு இருந்துட்டேன்."

கண்டபடி திட்டிவிட்டேன். வேலையில் நான் பொய் சொல்கிறவளா, யாரைப் பார்த்து என்ன பேசுகிறாய் என்று. டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தார். சுடலைமணி ரெண்டு டீக்கும் காசைக் கொடுத்தான்.

இது தவறுதான். பழக்க தோஷம். மென்பொருளின் பழைய பதிப்பில் அழிக்கிற உத்தரவு வேறு வழியாகப் போகும், துண்டித்து வைத்தாலும் இடம் காலியாகும். அப்படியே கை பழகிவிட்டது. பழைய ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை, புதிதாக வந்தவனுக்கு வராது. இதுதான் விளக்கம், வேறு ஒன்றும் இல்லை.

புதிய பதிப்பு வந்து ஏழு வருஷமாகிறது. அதை நிறுவியது நான்தான்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் போனதும் ஆறையும் மறுபடி இணைத்தேன், புதுசு எதுவும் வராதபடி மட்டும் வைத்துக்கொண்டு. வாசலில் நின்ற உத்தரவுகள் திமுதிமுவென்று உள்ளே போயின. தொண்ணூற்று நாலு, எண்பது, எழுபத்தொன்று. காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். காலியாக வேண்டுமென்றால் திறந்து வைத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

வேலை முடிவதற்குள் ஆறும் காலி. சார் முந்திரி மக்ரூன் பெட்டி வாங்கி வந்து எல்லோருக்கும் நீட்டினார். தவக்காலம் என்று சொல்லி மறுத்தேன். ஒன்றை மட்டும் ஜோவிக்காகக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். "என்னம்மா ஆச்சு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். "நான் செய்த தப்புதான் சார்" என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

சுடலைமணி என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மார்ச் 17, திங்கள்

விடுவிப்பு ஆணை கையெழுத்தாகிவிட்டது. 21-ம் தேதி கடைசி நாள். இனிமேல் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

கைப்பையில் மறந்திருந்த மக்ரூனை இன்றுதான் ஜோவிக்குக் கொடுத்தேன். செய்தியைச் சொன்னதும் வாயில் இருந்ததை விழுங்காமலே குதித்தாள். அவள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பயமாக இருக்கிறது. அந்தப் பால்கனியில் நின்று எதிர்ப் பால்கனியைப் பார்த்துக்கொண்டு, அவர் வேலையிலிருந்து எப்போது வருவார் என்று காத்திருக்கப் போகிற அந்தப் பொம்பளையை நினைத்தால் மூச்சு முட்டுகிறது. இங்கேயும் எல்லாம் எடுத்துக் கொடுத்தாயிற்று, ஃபிரிட்ஜ் இல்லை, வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்து போகிறார்கள், நாற்காலியை யாருக்கு என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். முன்னால் போகவும் முடியாது, இருந்த இடத்தில் இருக்கவும் முடியாது.

சுடலைமணி சொன்னது சரிதான். எழுதிவிட்டேன். போ.

மார்ச் 18, செவ்வாய்

மத்தியானம் மொட்டை மாடிக்குப் போய் நானே ரீகனைக் கூப்பிட்டேன். எப்போதும் அவர்தான் கூப்பிடுவார். எடுத்ததும் "பிள்ளைக்கு என்ன?" என்றார்.

"பிள்ள நல்லாருக்கா. ஒங்கட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வேல ஒரு மாசம் இழுத்ததுக்கு நான்தான் காரணம். தெரியாமச் செஞ்சேன்னு நெனச்சேன். இப்ப அப்படி நெனைக்க முடியல. எனக்கு அங்க வர மனசில்லைங்க."

நான் என்னென்னவோ சொன்னேன். ராணி மாதிரி இருக்க எனக்குத் தெரியாது என்றேன். ஒன்பது வருஷத்தில் உங்களுக்குச் சக்கரை போட்ட டீயா போடாத டீயா என்றுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்றேன். வேலை இல்லாமல் அந்த வீட்டுக்குள் நான் யார் என்று எனக்கே தெரியாமல் போய்விடும் என்றேன். அழுதேன். இந்த முறை காற்று இல்லை, வெயில்தான் கொளுத்தியது.

அந்தப் பக்கம் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது. இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம்.

"பெரிய கட்டில் வாங்கிட்டேன் பவுலி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்காத இடத்துக்கு நகர்ந்து வந்து, "ஏன் மொதல்லயே சொல்லல?" என்றார்.

"நீங்க குழாயெல்லாம் தொறந்து காட்டுனீங்க. எப்படிச் சொல்ல?"

"பிள்ள கேட்டா?"

"லீவுக்குக் கூட்டிட்டு வாரேன். ஒரு மாசம், ரெண்டு மாசம். அந்த ஸ்கூல் வேண்டாம், இங்கயே படிக்கட்டும். திரும்பி வர டிக்கெட்டயும் சேத்துப் போடுங்க. என்னால அதான் முடியும்."

"பெறகு பேசுதேன்" என்று வைத்துவிட்டார். கோபமா, வருத்தமா தெரியவில்லை. அவர் குரலை வைத்து அவர் மனசைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. அதைத்தானே இவ்வளவு நேரமும் சொன்னேன்.

மார்ச் 19, புதன்

ரீகன் கூப்பிடவில்லை.

ஜோவியிடம் சொன்னேன். "நீ பொய் சொன்னியா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். ஃபிரிட்ஜ் இருந்த வெளுப்பில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தள்ளவில்லை, அதுவரைக்கும் நல்லது.

மார்ச் 20, வியாழன்

கூப்பிடவில்லை.

ராஜினாமாவைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதி சாரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார். "இத ஒரு வாரத்துக்கு முன்னால சொல்லியிருக்கக் கூடாதாம்மா? கையெழுத்துப் போட்டு மேல அனுப்பியாச்சே. எழுதிப் பாக்கேன். அவங்க என்ன சொல்லுவாங்கன்னு நான் எப்படிச் சொல்ல?" நியாயம்தான். ஒருவேளை இந்த வேலையும் போகலாம். அப்படிப் போனால் வேறு தேட வேண்டும்.

மார்ச் 21, வெள்ளி

கடைசி நாள். அல்லது கடைசி நாளாக இருக்கக்கூடிய நாள்.

ஆறு டார்கெட்டையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்தேன். ஒன்றும் இல்லை. இப்போது துண்டிக்கலாம். சுடலைமணியைக் கூப்பிட்டேன். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"நான் அடிக்கிறது சரியான்னு பாரு."

பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். "சரிதாங்க்கா."

"இந்த தடவ தப்பா இருந்தா சொல்லிரு. நான் வேணும்னு செஞ்சாலும் சொல்லிரு."

"சொல்லுதேன்" என்றான். சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு.

அடித்தேன். ஆறும் நீங்கின. ஆனால் பட்டியலிலிருந்து அவற்றின் எண்கள் போகாது. செயல்படவில்லை என்ற குறிப்போடு அந்த இடங்கள் அப்படியே நிற்கும், அடுத்தது அதைத் தாண்டித்தான் எண்ணப்படும். கீழே போய் அலமாரியின் மின்சாரத்தை நானே நிறுத்தினேன். அறையில் இரைச்சல் சற்றுக் குறைந்தது.

கைப்பையை எடுக்கும்போது ஃபோன் அதிர்ந்தது. ரீகனிடமிருந்து ஒரு படம். வெறும் அறையில் ஒரு பெரிய கட்டில், மெத்தை மேல் பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. கீழே ஒரு வரி: "மே மாசத்துக்கு மாத்திட்டேன். போக ரெண்டு டிக்கெட், வர மூணு."

மூன்று முறை படித்தேன். அந்த மூன்றாவது டிக்கெட்டில் அவர் வருவது ஒரு மாத விடுப்புக்கா, ஒரேயடியாகவா, எழுதவில்லை. வழக்கமாக நானும் "சரி" என்று அனுப்பிவிட்டு ஒரு வருஷம் அதையே யோசித்துக்கொண்டிருப்பேன். ஜோவியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் கூப்பிட்டுக் கேட்கப் போகிறேன். டீக்குச் சக்கரை போடுவாரா என்பதையும் சேர்த்து.